பாப்லோ கசால்ஸ்: வாசித்தவர், வாசிக்க வைத்தவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கசால்ஸ் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஸ்பெயினின் கட்டலோனியா பகுதியைச் சேர்ந்த செல்லோ (வயலின் குடும்பத்தைச் சேர்ந்த, உட்கார்ந்து வில்லால் வாசிக்கும் பெரிய தந்திக் கருவி) கலைஞர். 1876 டிசம்பர் 29 அன்று எல் வென்ட்ரெல் என்ற சிற்றூரில் பிறந்தார், 1973 அக்டோபர் 22 அன்று புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரில் தன் 96ஆம் வயதில் இறந்தார். ஊர்க்காரர்களுக்கு அவர் பாவ், உலகத்துக்குப் பாப்லோ. இசைக்குழு நடத்துனர், இசையமைப்பாளர், ஆசிரியர் என்று பல வேலை பார்த்தவர். கச்சேரிகளுக்காகத்தான் அவரைப் பெரும்பாலும் கொண்டாடுகிறார்கள். ஆனால் மற்றவர்களை வாசிக்கவும் கேட்கவும் வைக்க அவர் செலவழித்த நேரமும் பணமும் அதற்குக் குறைந்தவை அல்ல என்பது என் எண்ணம். அதனால் இந்தப் பக்கத்தில் அந்தப் பாதி கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

செல்லோவுக்கு எப்படி வந்தார்?

நேராக வரவில்லை. அப்பா கார்லெஸ் ஊர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். பையன் சிறு வயதிலேயே தேவாலயத்தில் பாடினான். பியானோ, வயலின், ஆர்கன் எல்லாம் அப்பாவிடமே பழகினான். ஊருக்கு வந்த நாடோடி இசைக்காரர்கள் துடைப்பக் கட்டையில் தந்தி கட்டி வாசித்ததைப் பார்த்துவிட்டு, தனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டான். அப்பா ஒரு சுரைக்குடுக்கையில் கருவி செய்து கொடுத்தார். நிஜமான செல்லோவைக் கேட்டது 11 வயதில்தான், பார்சிலோனாவிலிருந்து வந்த ஹோசப் கார்சியா என்பவர் வாசித்தபோது.

அப்பாவுக்குப் பையனைத் தச்சு வேலைக்கு அனுப்பும் யோசனை. இசையை நம்பி வாழ முடியாது என்பது அவருடைய அனுபவம். அம்மா பிலார் விடவில்லை. வீட்டில் இதை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் 1888இல் அம்மா பையனைக் கூட்டிக்கொண்டு பார்சிலோனா போய், நகராட்சி இசைப் பள்ளியில் அதே கார்சியாவிடம் சேர்த்தார்.

பழைய கடையில் பாக் கிடைத்த கதை உண்மையா?

உண்மைதான், கசால்ஸே பல முறை சொன்னது. 1890இல், 13 வயதில், அப்பாவோடு பார்சிலோனா துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் நடந்துகொண்டிருந்தார். சிற்றுண்டிச் சாலையில் வாசிக்கப் புதுப் பாடல்கள் தேவைப்பட்டன. ஒரு பழைய கடையில் இசைத்தாள்களைக் கிளறும்போது, 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் செல்லோவுக்கு மட்டுமே எழுதிய ஆறு சூட்டுகள் (நடன மெட்டுகளில் அமைந்த பல பகுதிகள் சேர்ந்த உருப்படிகள்) கையில் வந்தன. அப்படி ஒன்று இருப்பதே அதுவரை அவருக்குத் தெரியாது, ஆசிரியரும் சொன்னதில்லை.

ஒன்றைத் திருத்த வேண்டும். அந்தச் சூட்டுகள் உலகத்திலிருந்தே தொலைந்துபோய் இவர் கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. அவை அச்சில் இருந்தன, அவர் கைக்கு வந்ததும் அச்சுப் பிரதிதான். ஆனால் அவற்றைப் பெரும்பாலும் பயிற்சிக்கான பாடம் போலத்தான் நடத்தினார்கள். மேடையில் வாசித்தாலும் ஏதாவது ஒரு பகுதியை மட்டும் எடுத்து, கூடவே பியானோ சேர்த்து வாசிப்பார்கள். கசால்ஸ் சுமார் 12 ஆண்டுகள் தினமும் பழகிய பிறகுதான் ஒரு முழு சூட்டைப் பொது மேடையில் வாசித்தார். 1936 முதல் 1939 வரை லண்டனிலும் பாரிசிலும் ஆறையும் ஒலிப்பதிவு செய்தார். இன்று எந்த செல்லோ மாணவரும் அந்த ஆறையும் தாண்டாமல் போக முடியாது என்ற நிலை வந்ததற்கு அந்தப் பதிவு முக்கியக் காரணம்.

வாசிப்பு முறையில் அவர் என்ன மாற்றினார்?

இதைப் புரிந்துகொள்ள அவருக்கு முன்பிருந்த வழக்கத்தைப் பார்க்க வேண்டும். வில் பிடிக்கும் வலக்கையின் முழங்கை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும் என்று கற்பித்தார்கள். அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு, அது விழாமல் வாசிக்கப் பழக்குவார்கள். நம்பச் சிரமமாக இருந்தாலும் அதுதான் நடைமுறை. இடக்கையும் விறைப்பாகவே இருக்கும். கொஞ்சம் தள்ளி இருக்கும் சுரத்துக்குப் போக வேண்டுமென்றால் முழுக் கையும் மேலும் கீழும் சறுக்கும், சறுக்குகிற சத்தமும் சேர்ந்தே கேட்கும்.

சிறுவன் கசால்ஸுக்கு இது அபத்தமாகப் பட்டது. வலக்கையை விடுவித்தார். தோளிலிருந்து கை தாராளமாக அசைந்தால் வில்லுக்கு முழு நீளமும் கிடைக்கும் என்று வீட்டில் தானாகவே பழகிப் பார்த்தார். இடக்கையில், கையை நகர்த்தாமல் விரல்களை விரித்தே அடுத்தடுத்த சுரங்களை எட்டினார். சறுக்கல் தேவையான இடத்தில் மட்டும் வந்தது, அதாவது உணர்ச்சிக்காக வேண்டுமென்றே செய்யும்போது. கார்சியா முதலில் திகைத்தாலும் பையன் போக்கில் விட்டார். அதுவே நல்ல ஆசிரியருக்கு அடையாளம் என்பேன்.

மூன்றாவது விஷயம் சுருதி. பியானோவில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரே ஒரு இடம்தான், நிலையாகக் கட்டிவைத்த இடம். செல்லோவில் அப்படி இல்லை. விரல் மயிரிழை நகர்ந்தாலும் சுரம் மாறும். ஒரு சுரம் அடுத்த சுரத்தை நோக்கிப் போகத் துடிக்கிறது என்றால், அதை அந்தப் பக்கம் சற்றுச் சாய்த்தே பிடிக்க வேண்டும் என்று கசால்ஸ் வலியுறுத்தினார். பியானோவின் சுருதியோடு ஒத்துப் போகவில்லையே என்று கேட்டால், அதற்காகப் பயப்படாதே என்பார். மாணவர்களை அவர் மணிக்கணக்கில் வதைத்தது பெரும்பாலும் இந்த விஷயத்தில்தான்.

அவருடைய படிப்பு சுலபமாக நடந்ததா?

எங்கே நடந்தது! பார்சிலோனாவில் இரவு நேரச் சிற்றுண்டிச் சாலையில் மூவர் குழுவில் வாசித்துத்தான் செலவைச் சமாளித்தார். அங்கே அவர் வாசிப்பைக் கேட்ட இசையமைப்பாளர் அல்பேனிஸ், மாட்ரிட் அரண்மனையில் செல்வாக்குள்ள மோர்ஃபி பிரபுவுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அதன் பலனாக அரசியின் உதவித்தொகை கிடைத்தது, மாதம் 250 பெசேட்டா (அன்றைய ஸ்பானிய நாணயம்).

1895இல் மேற்படிப்புக்காகப் பிரசெல்ஸ் போனபோது நடந்தது பிரபலமான கதை. வகுப்பில் பேராசிரியர், இந்தச் சின்னப் பையனுக்கு எல்லாம் வாசிக்கத் தெரியுமாம் என்று மாணவர்கள் முன்னால் கேலி செய்தார். கசால்ஸ் கடினமான ஓர் உருப்படியை வாசித்துக் காட்டினார். பேராசிரியர் உடனே தன் அறைக்கு அழைத்து, இங்கே சேர்ந்தால் முதல் பரிசு உனக்குத்தான் என்றார். கசால்ஸ் முடியாது என்று சொல்லிவிட்டு மறுநாளே பாரிசுக்கு ரயில் ஏறிவிட்டார். அந்த வீம்புக்கு விலை இருந்தது: உதவித்தொகை நின்றது. பாரிசில் ஒரு கேளிக்கை அரங்கில் வாசித்தார், அம்மா துணி தைத்தார், ஒரு கட்டத்தில் தன் கூந்தலையே விற்றார். பிறகு பார்சிலோனா திரும்பி, கார்சியா விட்டுப்போன ஆசிரியர் பணியை ஏற்றார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. ஆக, பெரிய மேடைகள் கிடைக்கும் முன்பே அவர் ஆசிரியர். பாரிசில் லாமுரே இசைக்குழுவோடு வாசித்துப் பெயர் வாங்கியது 1899இல்தான்.

மேடை பயம் இருந்ததா?

வாழ்நாள் முழுக்க இருந்தது. 1901இல் அமெரிக்கப் பயணத்தின்போது சான் பிரான்சிஸ்கோ அருகே டாமல்பாயிஸ் மலையில் ஏறும்போது ஒரு பாறை உருண்டு இடக்கை விரல்களை நசுக்கியது. நல்லவேளை, இனி செல்லோ வாசிக்க வேண்டாம் என்பதுதான் அந்தக் கணம் தன் மனதில் ஓடிய முதல் எண்ணம் என்று பிற்காலத்தில் ஒளிக்காமல் சொன்னார். விரல்கள் குணமாகிவிட்டன, பயம் கடைசிவரை குணமாகவில்லை.

எந்தச் செல்லோ வாசித்தார்?

வெனிசில் மத்தேயோ கோஃப்ரில்லர் செய்தது, 18ஆம் நூற்றாண்டுக் கருவி. வேறொரு புகழ்பெற்ற இத்தாலியக் கைவினைஞரான பெர்கோன்சி செய்தது என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். மிக உயர்வாக மதிக்கப்படும் ஸ்ட்ராடிவேரியஸ் கருவியை வாங்க வசதி வந்த பிறகும் இதை விடவில்லை.

ஆசிரியராக எப்படிப்பட்டவர்?

இரண்டு நிகழ்ச்சிகளைச் சொன்னால் போதும்.

அமெரிக்க செல்லோ கலைஞர் பெர்னார்டு கிரீன்ஹவுஸ் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கசால்ஸிடம் பாடம் கேட்கப் போனார். பாக் சூட் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு வில் வீச்சும் தன்னுடையதைப் போலவே இருக்க வேண்டும் என்று கசால்ஸ் பிடிவாதம் பிடித்தார். வாரக்கணக்கில் அதே வேலை. கிரீன்ஹவுஸுக்கு உள்ளூர எரிச்சல்: கடைசியில் கசால்ஸின் நகலாகத்தானே ஆகப்போகிறோம்! ஒருவழியாக இருவரும் சேர்ந்து வாசித்தால் ஒரே செல்லோ போலக் கேட்கும் நிலை வந்தது. சரி, இப்போது உட்கார்ந்து கேள் என்று சொல்லிவிட்டு, கசால்ஸ் அதே சூட்டை முழுக்க வேறு விரல்கள், வேறு வில் வீச்சுகளோடு வாசித்தார். கற்றுக்கொடுத்ததில் ஒன்றுகூட மிச்சமில்லை, ஆனாலும் அழகாக இருந்தது. பாக்கை அந்தந்த நேரத்துக்கேற்ப எப்படி வாசிப்பது என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும் என்றாராம்.

இன்னொன்று செல்லோ கலைஞர் கிரிகோர் பியாட்டிகோர்ஸ்கி சொன்னது. இளைஞராக இருந்தபோது பெர்லினில் ஒரு வீட்டில் கசால்ஸ் முன் வாசிக்க நேர்ந்தது. பதற்றத்தில் மோசமாக வாசித்தார், கசால்ஸோ பாராட்டிக் கட்டி அணைத்துக்கொண்டார். பியாட்டிகோர்ஸ்கிக்கு அவமானம், பொய்ப் பாராட்டு என்று கோபமும். பல ஆண்டுகள் கழித்து நெருங்கிப் பழகியபோது அதைக் கேட்டே விட்டார். கசால்ஸுக்கு அப்படி ஒரு கோபம் வந்ததாம். செல்லோவை எடுத்து, அன்று நீ இந்த இடத்தில் இந்த விரலைப் போடவில்லையா, எனக்கு அது புதிது, இந்த வரியில் வில்லை இப்படி மேல் நோக்கி எடுக்கவில்லையா என்று ஒவ்வொன்றாக வாசித்தே காட்டினார். தவறுகளை எண்ணித் தீர்ப்பு சொல்வதை அறியாதவர்களிடம் விட்டுவிடு, ஒரே ஒரு நல்ல சுரம் கேட்டாலும் நான் நன்றியோடு இருப்பேன் என்றார்.

விரல் விரலாக நகல் எடுக்க வைத்தவரும், தப்புத் தப்பான வாசிப்பில் புதிதாக இருந்ததை வருடக்கணக்கில் ஞாபகம் வைத்திருந்தவரும் ஒரே ஆள்தான். முதல் கதையை மட்டும் கேட்டால் சர்வாதிகாரி என்று தோன்றும், இரண்டாவதை மட்டும் கேட்டால் மிருதுவான தாத்தா.

பள்ளிகளில் பாடம் எடுத்தாரா?

எடுத்தார், ஆனால் கச்சேரிப் பயணங்களுக்கு இடையில்தான். பியானோ கலைஞர் அல்ஃபிரே கோர்தோ 1919இல் பாரிசில் ஏக்கோல் நோர்மால் இசைப் பள்ளியைத் தொடங்கியபோது கசால்ஸும் உடன் நின்றார். இந்தக் கோர்தோ, வயலின் கலைஞர் திபோ, கசால்ஸ் மூவரும் சேர்ந்து வாசித்த குழு அந்தக் காலத்தில் மிகப் பெரிய பெயர். பள்ளியில் அன்றாடப் பாடத்தை டிரான் அலெக்சானியன் பார்த்துக்கொண்டார், கசால்ஸின் வாசிப்பு முறையை விரிவான பாடநூலாக எழுதியவரும் அவரே. பின்னாளில் சுவிட்சர்லாந்தின் செர்மாட், அமெரிக்காவில் பெர்க்லி போன்ற இடங்களில் மாஸ்டர் கிளாஸ் (மற்றவர்கள் முன்னால் மாணவரை வாசிக்க வைத்துத் திருத்தும் வகுப்பு) நடத்தினார். 1960இல் பெர்க்லியில் நடந்த வகுப்புகள் படமாக்கப்பட்டிருக்கின்றன. பாதி நேரம் வார்த்தையே இல்லாமல் பாடியும் வாசித்துமே பாடம் நடத்துவதை அதில் பார்க்கலாம்.

மாணவர்களில் யாரெல்லாம் பெயர் பெற்றார்கள்?

காஸ்பார் கசாதோ, மோரிஸ் ஐசன்பர்க் என்று பட்டியல் நீளும். எனக்குப் பிடித்த சங்கிலி ஒன்று உண்டு. போர்ச்சுகலின் கில்லெர்மினா சூஜியா சிறுமியாக இருந்தபோதே கசால்ஸிடம் பாடம் கேட்டவர், பிறகு சில ஆண்டுகள் பாரிசில் அவரோடு வாழ்ந்தவர். பெண்கள் செல்லோவைக் கால்களுக்கு நடுவே வைத்து வாசிப்பதையே முகம் சுளித்துப் பார்த்த காலத்தில் அவர் தனிக் கச்சேரிக் கலைஞராக நின்றார். தன் ஸ்ட்ராடிவேரியஸ் செல்லோவை விற்று இளம் செல்லோ மாணவர்களுக்கு உதவும்படி உயில் எழுதி வைத்தார். அந்தப் பரிசை 1956இல் பெற்றது, பின்னாளில் பெரிய செல்லோ கலைஞரான 11 வயது ஜாக்குலின் டு பிரே. அவர் 1960இல் செர்மாட்டில் கசால்ஸின் வகுப்பிலும் உட்கார்ந்தார்.

சொந்தக் காசில் இசைக்குழு நடத்தினார் என்கிறார்களே?

ஆமாம். பார்சிலோனாவில் தரமான இசைக்குழு இல்லை என்ற குறை அவருக்கு. இருந்த இசைக்கலைஞர்களும் பிழைப்புக்காக வேறு வேலை பார்த்தபடிதான் வாசித்தார்கள். 1920இல் தன் கச்சேரி வருமானத்தைப் போட்டுத் தன் பெயரிலேயே ஒரு குழு ஆரம்பித்து, நல்ல சம்பளம் கொடுத்தார். ஒத்திகை தொடங்கும் நேரம் பார்த்து நோயில் விழுந்தார். கலைத்துவிடலாமா என்று கேட்டதற்கு, இல்லை, எல்லோரும் தினமும் ஒத்திகை நேரத்துக்கு வரட்டும், சம்பளமும் கொடுங்கள் என்று படுக்கையிலிருந்தே சொல்லி அனுப்பினார். அந்தக் குழு சொந்தக் காலில் நிற்கும்வரை ஆண்டுக்கணக்கில் பற்றாக்குறையை அவரே கட்டினார்.

அதோடு விட்டிருந்தால் அது ஒரு பணக்காரக் கலைஞரின் பொழுதுபோக்கு. ஆனால் அரங்கத்தில் வந்து உட்காருபவர்கள் எல்லாம் வசதியானவர்களாகவே இருந்தது அவரை உறுத்தியது. இலவச டிக்கெட் கொடுக்கலாம் என்றால், தர்மமாகக் கொடுத்தால் தொழிலாளிக்குக் கௌரவமாக இருக்காது என்று நினைத்தார். 1926இல் தொழிலாளர் கச்சேரிச் சங்கம் உருவானது. மாத வருமானம் 500 பெசேட்டாவுக்குக் குறைவாக இருப்பவர்கள் மட்டுமே உறுப்பினர், ஆண்டுச் சந்தா 6 பெசேட்டா. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய இசைக்குழு முழுக்க அவர்களுக்காகவே வாசித்தது. நிர்வாகம் தொழிலாளர்கள் கையில். அவர்கள் சொந்தமாக ஓர் இசை இதழ் நடத்தினார்கள், நூலகம் வைத்தார்கள், இசை வகுப்புகளும் தொடங்கினார்கள்.

இசைக் கல்வி என்றால் குழந்தையைக் கூட்டிப்போய் வகுப்பில் சேர்ப்பது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். நாள் முழுக்க ஆலையில் வேலை பார்த்துவிட்டு வருகிற நாற்பது வயதுக்காரருக்கும் கற்றுக்கொள்ள உரிமை உண்டு என்று 1920களில் ஒருவர் காரியத்தில் இறங்கிக் காட்டியது எனக்கு அவருடைய எந்தக் கச்சேரியையும்விடப் பெரிதாகத் தோன்றுகிறது. உள்நாட்டுப் போர் வந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டது. 1936 ஜூலை 18 மாலை பெத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி ஒத்திகை நடக்கும்போது, ராணுவக் கலகம் பற்றிய செய்தி வந்தது. உடனே வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். கடைசிப் பகுதியை வாசித்து முடித்துவிட்டுப் போகலாமா என்று கசால்ஸ் கேட்டார். வாசித்தார்கள், பிரிந்தார்கள்.

மேடையை ஏன் விட்டார்?

உள்நாட்டுப் போரில் வென்று ஸ்பெயினின் சர்வாதிகாரியான பிராங்கோவின் வெற்றிக்குப் பிறகு, 1939 முதல் பிரெஞ்சு எல்லைக்குள் பிராட் என்ற ஊரில் அகதியாக இருந்தார். முகாம்களில் அடைபட்ட ஸ்பானிய அகதிகளுக்கு உணவும் துணியும் பணமும் சேர்த்து அனுப்பினார். போர் முடிந்ததும் நேச நாடுகள் பிராங்கோவையும் அகற்றும் என்று நம்பினார். நடக்கவில்லை. அதற்கு எதிர்ப்பாக 1945இல் கச்சேரிகளை நிறுத்தினார். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் தர முன்வந்த பட்டங்களையும் மறுத்தார். பாடம் எடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை, கிரீன்ஹவுஸ் போனது இந்தக் காலத்தில்தான்.

1950இல் பாக் இறந்து 200 ஆண்டு நிறைவு. நீங்கள் வெளியே வராவிட்டால் நாங்கள் உங்களிடம் வருகிறோம் என்று வயலின் கலைஞர் அலெக்சாண்டர் ஷ்னைடர் முயற்சி எடுத்து, ருடால்ஃப் செர்க்கின், ஐசக் ஸ்டெர்ன் போன்றவர்களைப் பிராட் தேவாலயத்துக்கே கூட்டி வந்தார். அந்த விழா பிறகு ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமானது.

பிறகு 1961இல் வெள்ளை மாளிகையில் வாசித்தாரே, அது முரண் இல்லையா?

முரண்தான், அவருக்கும் அது தெரியும். அமெரிக்கா பிராங்கோ அரசை அங்கீகரித்த நாடு. கென்னடி மீது வைத்த நம்பிக்கைக்காக விதிவிலக்கு செய்தார். 1904இல் தியோடர் ரூஸ்வெல்ட் முன்னால் அதே மாளிகையில் வாசித்தவர் என்பது ஒரு சுவாரசியமான தகவல்.

புவேர்ட்டோ ரிக்கோவுக்கு ஏன் போனார்? அங்கே என்ன செய்தார்?

அம்மா பிறந்த மண். மயாகுவெஸ் என்ற ஊரில், கட்டலோனியக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1955 கடைசியில் முதன்முறையாகப் போன கசால்ஸ் அங்கேயே தங்கிவிட்டார். எண்பது வயதை நெருங்கியவர் ஓய்வெடுக்கப் போனார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1957இல் இசை விழா தொடங்கியது. முதல் விழாவின் ஒத்திகையிலேயே அவருக்கு மாரடைப்பு, நடத்துனர் மேடையைக் காலியாக வைத்துக்கொண்டே மற்றவர்கள் விழாவை நடத்தி முடித்தார்கள். அடுத்து சிம்பொனி இசைக்குழு. வெளியூர்க் கலைஞர்களை வரவழைத்து எத்தனை நாள் ஓட்டுவது? அதனால் 1959இல் அரசு இசைக் கல்லூரி நிறுவப்பட்டது, அவரே அதன் தலைவர். விழா, இசைக்குழு, கல்லூரி என்று இந்த மூன்றும் இன்றும் இருக்கின்றன.

கோடைக்காலங்களில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மார்ல்பரோ விழாவுக்குப் போய், இளம் கலைஞர்களைக் கொண்ட இசைக்குழுவை நடத்தினார். இறந்த ஆண்டான 1973 வரை அதை விடவில்லை.

மனைவி மார்த்தா அவருடைய மாணவிதானா?

ஆமாம். மார்த்தா மொந்தான்யெஸ், புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து பிராட் போய்ச் செல்லோ படித்தவர். 1957இல் திருமணம் நடந்தபோது அவருக்கு 20 வயது, கசால்ஸுக்கு 80. ஊர் என்ன பேசியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிற்காலத்தில் மார்த்தா நியூயார்க்கில் மன்ஹாட்டன் இசைப் பள்ளியின் தலைவராக இருந்தார்.

அவர் மீது விமர்சனமே கிடையாதா?

உண்டு. தன் கால நவீன இசையில் பெரும்பகுதியை அவர் ரசிக்கவில்லை. நவீன இசையமைப்பாளர் ஷோன்பர்க் அவருக்காகவே ஒரு கான்செர்ட்டோவை (தனிக் கலைஞர் இசைக்குழுவோடு வாசிக்கும் உருப்படி) உருவாக்கிக் கொடுத்தும் அதை மேடையேற்றவில்லை. அவருடைய பாக் வாசிப்பும் இன்றைய ரசனைக்கு மிகை உணர்ச்சியாகப் படலாம். பாக் காலத்துக் கருவி, குடல் தந்தி, இலகுவான வில் என்று தேடிப்போன பிற்காலத்தவர்கள் வேறு பாதை எடுத்தார்கள். என்னைக் கேட்டால் இரண்டையும் கேட்கலாம்.

கேட்கத் தொடங்குபவர் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பாக் சூட்டுகளில் முதலாவதன் முதல் பகுதி எல்லோருக்கும் காதில் விழுந்திருக்கும், ஆனால் கசால்ஸின் வலிமை மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் இன்னும் தெளிவாகத் தெரியும். பழைய பதிவு, இரைச்சல் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கோர்தோ, திபோவோடு வாசித்த ஷூபர்ட்டின் பி ஃபிளாட் டிரியோ (மூவர் வாசிக்கும் உருப்படி) அடுத்தது. 1971 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் தன் 94ஆம் வயதில் வாசித்த 'பறவைகளின் பாட்டு' என்ற கட்டலோனிய நாட்டுப்பாடலின் காட்சிப் பதிவும் உண்டு. விரல்கள் தள்ளாடுகின்றன, சில சுரங்கள் தவறுகின்றன. பியாட்டிகோர்ஸ்கி கதையைப் படித்துவிட்டுப் பார்ப்பது நல்லது.